அண்ணாச்சி பதில்கள்: 23 காபிக்கு ஒரு காபி இலவசம், சேரலாமா?

கேள்வி: அண்ணாச்சி, நான் கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன், வீடு மகாராஜ நகர். மாதம் இரண்டு தடவை, சம்பளம் வந்த சனிக்கிழமை ஒன்று, நடுவில் ஒன்று, தோழிகளோடு ஒரு பெரிய காபிக் கடைக்குப் போவோம். பல ஊர்களில் கிளை வைத்திருக்கிற கடை. ஒவ்வொரு தடவையும் கவுண்டரில் ‘ஆப் போட்டு மெம்பர் ஆகிடுங்க மேடம்’ என்கிறார்கள். சேருவதற்குக் காசு கிடையாது. 100 ரூபாய்க்கு 5 புள்ளி. 250 புள்ளி சேர்ந்தால் 200 ரூபாய் வரை ஒரு காபி இலவசம். புள்ளிக்கு ஆயுள் 6 மாதம். வருடம் 299 ரூபாய் கட்டினால் ‘கோல்டு’, எல்லாப் புள்ளியும் இரட்டிப்பு. ஆப்பில் 1,000 ரூபாய் போட்டு வைத்தால் 1,100 ஆக ஏறும். நான் குடிக்கிற காபி 220 ரூபாய், வரி தனி. சேரலாமா வேண்டாமா? அம்மா ‘வீட்டுக் காபிக்கு என்ன கேடு’ என்கிறாள், அதை மட்டும் விட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். (வாசகி, மகாராஜ நகர்)

பதில்: சரி தங்கச்சி, அம்மா சொன்னதை விட்டுவிடுகிறேன். சம்பாதிக்கிற பிள்ளை மாதத்தில் இரண்டு சாயங்காலம் தோழிகளோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த 220 ரூபாயில் பாதி அந்த நாற்காலிக்கும் ஏசிக்கும் இரண்டு மணி நேரம் யாரும் எழுப்பாமல் இருப்பதற்கும்தான். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் 20, 25 ரூபாய்க்குக் கிடைக்கிற டம்ளர் காபியோடு அதை ஒப்பிடுவது நியாயமில்லை, இரண்டும் வேறு வேறு சரக்கு. ஆகவே காபியின் விலையை விட்டுவிட்டு ஆப்பை மட்டும் பார்க்கிறேன்.

விவரமாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் கணக்கு சுலபமாகிவிட்டது. 220 ரூபாய் காபிக்கு 11 புள்ளி. 250 புள்ளி வர 23 காபி குடிக்க வேண்டும். 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ஒரு காபி 231 ரூபாய், 23 காபிக்கு 5,313 ரூபாய். அதற்குப் பிறகு கிடைப்பது 200 ரூபாய் வரைக்குமான ஒரு காபி, அதாவது நீங்கள் வழக்கமாகக் குடிக்கிற காபியை வாங்கினால் அன்றைக்கும் கையிலிருந்து 20 ரூபாய் போடத்தான் வேண்டும். 100 ரூபாய் செலவழித்தால் திரும்பி வருவது 4 ரூபாய் கூட இல்லை. அதுவும் முழுசாக 23 தடவை போனவருக்குத்தான்.

நீங்கள் அந்த 23-ஐத் தொடவே மாட்டீர்கள் என்பதுதான் விஷயம். மாதம் இரண்டு என்றால் 6 மாதத்தில் 12 காபி, 132 புள்ளி. ஏழாவது மாதம் பிறந்ததும் முதல் காபியின் புள்ளி கழியும், புதுக் காபியின் புள்ளி ஏறும், கணக்கு 132-ஐ ஒட்டியே நிற்கும். இரண்டு வருடம் போனாலும் சரி, நான்கு வருடம் போனாலும் சரி, இப்போது போகிற கணக்கில் போனால் உங்களுக்கு அந்த இலவசக் காபி வரவே வராது. கவுண்டரில் சொன்ன பையன் பொய் சொல்லவில்லை. இந்தக் கணக்கை அவனிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதில் நான் உண்மையிலேயே பயப்படுவது வேறு ஒன்றுக்கு. ஆப்பில் ஒரு வட்டம் பாதி நிரம்பி நிற்கும். ‘இன்னும் 118 புள்ளிதான்!’ என்று நாலு மணிக்கு, சரியாகக் காபி நினைப்பு வருகிற நேரத்தில் போன் மினுங்கும். ‘இன்று மட்டும் இரட்டைப் புள்ளி’ என்று மழைநாளில் ஒரு செய்தி வரும். அப்புறம் மாதம் இரண்டு என்பது நாலாகும். 6 மாதத்துக்குள் 23-ஐ எட்ட வேண்டும் என்று கூடுதலாக 11 தடவை போனீர்கள் என்றால் 2,541 ரூபாய். 200 ரூபாய்க் காபிக்காக 2,541 ரூபாய் தங்கச்சி! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். இது உங்கள் புத்திக் குறைச்சல் என்று நினைக்காதீர்கள், மனித மனசின் அமைப்பே அப்படி. ரான் கிவெட்ஸ் என்ற பேராசிரியரும் அவருடன் வேலை செய்தவர்களும் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், பத்து காபி வாங்கினால் ஒன்று இலவசம் என்று அட்டை கொடுத்துப் பார்த்து 2006-ல் முடிவை எழுதினார்கள். அட்டை நிரம்ப நிரம்ப, ஒரு காபிக்கும் அடுத்த காபிக்கும் நடுவில் இருந்த நாட்கள் குறைந்துகொண்டே போயின. முடிவு கண்ணில் பட்டுவிட்டால் கால் தானாக வேகமெடுக்கும். காபி ஆசை கூடியதாலல்ல, கட்டம் நிரம்ப வேண்டும் என்ற ஆசையால்.

கோல்டு பற்றிக் கேட்டீர்கள். அதில் ஒரு காபிக்கு 22 புள்ளி. 12-வது காபியில் 264 வந்துவிடும், அதாவது அரை வருடத்துக்கு ஒரு இலவசம், வருடத்துக்கு இரண்டு, 400 ரூபாய். கட்டியது 299. மிச்சம் 101 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த 6 மாதத்தில் ஒரே ஒரு தடவை தவறிவிட்டது என்று வையுங்கள், தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டீர்கள், அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை, தாமிரபரணியில் வெள்ளம் வந்து பஸ் ஓடவில்லை, அப்போது 11 காபி, 242 புள்ளி. எட்டுப் புள்ளி குறையும். அடுத்த மாதம் போய் நிரப்பலாம் என்றால் அதற்குள் முதல் காபியின் 22 புள்ளி காலாவதியாகி, மறுபடி அதே 242-ல் வந்து நிற்பீர்கள். ஒரு நாள் தவறினால் வருடத்தில் ஓர் இலவசம் போச்சு, 200 ரூபாய்க் காபிக்கு 299 கட்டியதாக முடியும். 101 ரூபாய் லாபத்துக்காக வருடம் முழுக்க நாள்குறித்து வைத்துக்கொண்டு காபி குடிக்க வேண்டுமா? தோழிகளோடு போகிறதில் இருக்கிற சந்தோஷமே போய்விடும். கோல்டு உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

இப்போது அந்த 1,000 ரூபாய். இதில்தான் உங்களுக்குக் கொஞ்சம் உண்மையான லாபம் இருக்கிறது, எல்லோரும் புள்ளியையே பார்த்துக்கொண்டு இதைக் கவனிக்க மாட்டார்கள். 1,000 போட்டு 1,100 என்றால், நீங்கள் எப்படியும் இரண்டரை மாதத்தில் குடிக்கப்போகிற காபிக்கு 100 ரூபாய் தள்ளுபடி. புள்ளியில் 6 மாதத்தில் சுழியம், இதில் இரண்டரை மாதத்தில் நூறு. ஆனால் 1,100-ஐ 231-ஆல் வகுத்துப் பாருங்கள். நாலு காபி 924. மிச்சம் 176. ஐந்தாவது காபிக்கு 55 ரூபாய் குறைகிறது. அந்த 55-ஐ மட்டும் ஜிபேயிலோ கையிலோ கொடுக்க விடுவார்களா, இல்லை மறுபடி 1,000 போட்டால்தான் ஆகும் என்பார்களா? இதைப் பணம் போடுகிறதுக்கு முன்னாலேயே கவுண்டரில் கேட்டுவிடுங்கள். கொடுக்க விடுவார்கள் என்றால் நல்லது. விடமாட்டார்கள் என்றால் அந்த 176 ரூபாய் எப்போதும் உள்ளேயே கிடக்கும், அதை மீட்கப் பணம் போடுவீர்கள், மறுபடி ஒரு மிச்சம் நிற்கும். போட்ட பணத்துக்குக் காலாவதி உண்டா, கூடுதல் நூறுக்குத் தனிக் காலாவதி உண்டா என்பதையும் கேளுங்கள்.

இந்த மிச்சம் கடைக்காரருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு உதாரணம். ஸ்டார்பக்ஸ் கம்பெனியின் ஆண்டறிக்கையில், அதன் அட்டைகளிலும் ஆப்பிலும் மக்கள் போட்டு வைத்து, இனி யாரும் எடுக்க வரமாட்டார்கள் என்று கணித்த பணத்தை வருமானமாகவே எழுதுகிறார்கள். 2023 நிதியாண்டில் அப்படி எழுதியது 20 கோடி டாலருக்கு மேல். ஒரு கொட்டைகூட வறுக்காமல், ஒரு கோப்பைகூடக் கழுவாமல் வந்த பணம். யாரையும் ஏமாற்றி எடுத்ததல்ல. அஞ்சும் பத்துமாக மறந்துபோனவர்களின் பணம், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலும் நடந்தது. என் மகன் ஒரு காபிக் கடை ஆப்பில் பணம் போட்டு வைத்திருந்தான், பாளையங்கோட்டையில் இருந்த கிளைக்கு வாரம் ஒருமுறை போவான். ஒருநாள் போனால் ஷட்டர் இறக்கியிருக்கிறது, கிளையையே மூடிவிட்டார்கள். ஆப்பில் 340 ரூபாய். பக்கத்துக் கிளை எங்கே என்று அதே ஆப்பில் தேடினால் மதுரை என்று காட்டியது, 150 கிலோமீட்டருக்கு மேல். சென்னையில் ஒரு கிளை மூடினால் அடுத்த தெருவுக்குப் போகலாம், நம் ஊரில் அப்படி இல்லையே. இரண்டு தடவை மின்னஞ்சல் போட்டான், தானாக வருகிற பதில் ஒன்று வந்தது, அப்புறம் அவனும் விட்டுவிட்டான். 340 ரூபாய்க்கு யார் கேஸ் போடுவார்கள்? அன்றைக்கு அவன் முகம் வாடிப்போனதைப் பார்த்தபிறகுதான் இந்த விஷயத்தை நானே உட்கார்ந்து படித்தேன்.

படித்ததில் தெரிந்தது: ஒரே நிறுவனத்தின் கடையில் மட்டும் செலவழிக்க முடிகிற, பணமாகத் திரும்ப எடுக்க முடியாத இந்த மாதிரி வாலட்டுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை, அது அந்த ஒழுங்குமுறைக்கு வெளியே நிற்கிறது. வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது, கடையின் வாலட்டில் போட்டதற்கு அந்தக் காப்பீடு கிடையாது. நம் பக்கம் தீபாவளிச் சீட்டு கட்டிக் கடை மூடிப்போய் நின்றவர்கள் எத்தனை பேர்! இது தொகை சின்னது என்பதால் அவ்வளவு வலிக்காது, ஆனால் ஜாதி ஒன்றுதான், முன்கூட்டிக் கொடுத்த பணம்.

விதியும் மாறும். அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் 2016 ஏப்ரல் வரை ஒரு தடவை போனால் ஒரு நட்சத்திரம், 12 நட்சத்திரத்துக்கு ஒன்று இலவசம் என்று வைத்திருந்தது. அப்புறம் டாலருக்கு 2 நட்சத்திரம், 125 நட்சத்திரத்துக்கு ஒன்று என்று மாற்றியது. இரண்டு டாலர் சாதாக் காபி குடிக்கிறவர் அதற்கு முன் 24 டாலரில் பெற்றதைப் பெற அதன்பிறகு 62 டாலர் 50 சென்ட் செலவழிக்க வேண்டியதாயிற்று. இந்த 125-ம் நிலைக்கவில்லை, இடையில் மறுபடி மாறியது; 2023 பிப்ரவரியில் சூடான சாதாக் காபிக்கு 50 நட்சத்திரம் என்றிருந்ததை 100 ஆக்கினார்கள். மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு, விதிமுறையில் முதலிலேயே எழுதித்தான் வைத்திருப்பார்கள். நாம்தான் புள்ளியை வங்கியில் கிடக்கிற பணம் மாதிரி நினைத்துக்கொள்கிறோம்.

அதனால் உங்களுக்கு என் பதில் இது: இலவச மெம்பர் ஆவதில் தப்பில்லை, ஆனால் அதனால் உங்களுக்கு ஒன்றும் வராது, போன் நம்பரும் பிறந்தநாளும்தான் அங்கே போகும். கோல்டு வேண்டாம். குறையும் தொகையைக் கையில் கொடுக்க விடுவார்கள் என்றால், காலாவதியும் இல்லை என்றால், 1,000 ரூபாய் போடலாம், ஒரு தடவைக்கு அதற்கு மேல் வேண்டாம், 2,000 போட்டால் 2,300 என்று ஆசை காட்டினாலும் வேண்டாம். போட்டதும் முதல் வேலையாக ஆப்பின் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். தோழிகள் நினைப்பு வந்தால் போங்கள், போன் மினுங்கியதற்காகப் போகாதீர்கள்.

கேள்வி: பேத்தியை அழைத்துக்கொண்டு திருநெல்வேலியில் ஒரு காபிக் கடைக்குப் போனேன். காபியும் கேக்கும் கேட்டேன். போன் நம்பர் சொன்னால்தான் பில் போட முடியும், கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளாது என்று அந்தப் பெண் சொன்னாள். பின்னால் வரிசை நிற்கிறது, வேறு வழி தெரியாமல் சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து ‘நீங்கள் எங்கள் உறுப்பினர்’ என்று செய்தி வருகிறது. நான் எங்கே சேர்ந்தேன்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்)

பதில்: நீங்கள் சேரவில்லை சார், உங்களைச் சேர்த்துவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. காசு கொடுத்து ஒரு காபி வாங்குகிறவர் தன் நம்பரை ஏன் கொடுக்க வேண்டும்? கொடுக்க வேண்டியதே இல்லை. 2023 மே மாதம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இதைப் பற்றிச் சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியிருக்கிறது: போன் நம்பர் தராவிட்டால் விற்க மாட்டேன், பில் தரமாட்டேன் என்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம் என்று. கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளாது என்றால் அது அவர்கள் கம்ப்யூட்டரின் குறை, உங்கள் பாடு அல்ல. அடுத்த தடவை ‘நம்பர் தர விருப்பமில்லைம்மா, அது இல்லாமல் பில் போடுங்கள்’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். பத்தில் ஒன்பது இடத்தில் போட்டுவிடுவார்கள். அந்தப் பெண்ணிடம் கோபப்பட வேண்டாம், இத்தனை நம்பர் வாங்கு என்று அவளுக்கு மேலே இருப்பவர் சொல்லியிருப்பார்.

மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். கூப்பிட்டுப் புகாரைப் பதியுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது, ஆனால் ஒரு காபிக்கு அதுவரை போக வேண்டியிருக்காது என்று நம்புகிறேன்.

ஏற்கெனவே போன நம்பருக்கும் வழி உண்டு. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது, படிப்படியாக நடைமுறைக்கு வருகிற சட்டம் அது. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும், சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ அதே அளவு சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்பது அதில் இருக்கிறது. அந்தச் செய்தியின் அடியில் நிறுத்துவதற்கு ஒரு வழி கொடுத்திருப்பார்கள், முதலில் அதைச் செய்யுங்கள். அப்புறம் அந்தக் கடையின் மின்னஞ்சலுக்கு ‘என் சம்மதம் இல்லாமல் உறுப்பினராகச் சேர்த்திருக்கிறீர்கள், என் எண்ணை நீக்கிவிட்டுத் தெரிவியுங்கள்’ என்று இரண்டே வரி, பேத்தியை அனுப்பச் சொல்லுங்கள். ஒன்று மட்டும்: செய்தியோடு வருகிற லிங்க்கைத் தட்டி ஓடிபி எதையும் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். காபிக் கடை பெயரில் வருகிறதெல்லாம் காபிக் கடையிலிருந்து வருகிறது என்று நம்ப முடியாத காலம்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கிறோம். எல்லோரும் ஒரே ஆளின் நம்பரைச் சொல்லிப் புள்ளி சேர்க்கலாமா? (மாணவர், சமாதானபுரம்)

பதில்: கணக்குப்படி நல்ல யோசனை தம்பி. மகாராஜ நகர்த் தங்கச்சி தனியாகத் தொடமுடியாத 23 காபியை, அதே கடையில் மாதம் இரண்டு தடவை போகிற ஐந்து பேர் சேர்ந்தால் மூன்றாவது மாதத்திலேயே தொட்டுவிடுவார்கள். விதிமுறையில் ‘ஒரு கணக்கு ஒருவருக்கே’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் செய்யாதீர்கள். இல்லையென்றால் ஒரே பில்லாகப் போட்டு, ஒருவர் கொடுத்து, மற்றவர்கள் அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த இலவசக் காபி யாருக்கு என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள், முறைவைத்து. 200 ரூபாய்க் காபிக்காகச் சிநேகிதம் கெட்டுப்போனதாக இருக்கக்கூடாது. அப்புறம், அப்பா அனுப்புகிற பணத்தில் குடிக்கிறீர்கள் என்றால் மாதம் இரண்டை ஒன்றாகக் குறைப்பது எந்தப் புள்ளியைவிடவும் பெரிய மிச்சம்.

கேள்வி: வள்ளியூரில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கருப்பட்டிக் காபிக் கடை வைத்திருக்கிறேன். காபி 25 ரூபாய். பெரிய கடைக்காரர்கள் ஆப் வைக்கிற மாதிரி நானும் ஏதாவது செய்தால் ஆள் கூடுமா? ஆப்புக்கு ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். (கடைக்காரர், வள்ளியூர்)

பதில்: அண்ணாச்சி, ஆப் வேண்டாம். 25 ரூபாய்க் காபி குடிக்க வருகிறவர் போனை எடுத்து, ஓடிபி வாங்கி, பெயர் அடித்து முடிப்பதற்குள் நாகர்கோவில் பஸ் கிளம்பிவிடும்.

அட்டை போதும், பிரஸ்ஸில் கொடுத்தால் அச்சடித்துத் தந்துவிடுவார்கள். பத்துக் கட்டம், பத்தும் நிரம்பினால் பதினொன்றாவது காபி சும்மா. அதாவது 11 காபிக்கு 250 ரூபாய், ஒரு காபி ஏறக்குறைய 22 ரூபாய் 70 காசு. உங்களுக்குப் பால், கருப்பட்டி, தூள், கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு காபிக்கு என்ன அடக்கம் என்று உங்களுக்குத்தான் தெரியும், அந்த விலைக்குக் கொடுத்தாலும் கட்டுபடியாகுமா என்று பாருங்கள். ஆகும் என்றால்தான் தொடங்க வேண்டும். கருப்பட்டி விலை ஏறுகிற மாதம் அட்டையை நிறுத்திவிடலாம் என்ற நினைப்போடு தொடங்காதீர்கள். பாதி நிரம்பிய அட்டையோடு வருகிறவரை ‘அது முடிஞ்சு போச்சு’ என்று திருப்பி அனுப்பினால் அவர் அப்புறம் உங்கள் கடைப் பக்கம் திரும்ப மாட்டார்.

யாருக்கு அட்டை கொடுப்பது என்பது முக்கியம். பஸ்ஸில் இறங்கி ஒரு வாய் குடித்துவிட்டு ஓடுகிறவர் இனி எப்போது வருவாரோ, அவருக்கு அட்டை கொடுத்தால் அது அடுத்த ஸ்டாப்பில் கீழே கிடக்கும். தினமும் வருகிற ஆட்டோ ஓட்டுநர்கள், பக்கத்துத் துணிக்கடைப் பையன்கள், பூக்கார அம்மா, டிப்போ ஆட்கள், இவர்களுக்குக் கொடுங்கள். அதாவது வேறு கடைக்கும் போகக்கூடிய, ஆனால் உங்களிடமும் வருகிற ஆட்கள். ஏற்கெனவே உங்கள் கடையைத் தவிர வேறெங்கும் போகாதவருக்குக் கொடுப்பது வியாபாரக் கணக்கில் நஷ்டம்தான், ஆனாலும் அவருக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வேன். இத்தனை வருடம் வந்தவருக்கு இல்லாதது நேற்று வந்தவருக்கு என்றால் மனசு சங்கடப்படும்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், பயன்படும். அமெரிக்காவில் ஜோசப் நுனெஸ், ஸேவியர் ட்ரேஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் கார் கழுவுகிற ஓர் இடத்தில் 300 பேருக்கு அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம், எல்லாம் காலி. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம், ஆனால் இரண்டில் முதலிலேயே முத்திரை குத்திக் கொடுத்தாயிற்று. இரண்டு பேரும் எட்டுத் தடவைதான் வரவேண்டும். ஆனால் காலி அட்டைக்காரர்களில் 19 சதவீதம் பேர் அட்டையை நிரப்பினார்கள், இரண்டு முத்திரை வாங்கியவர்களில் 34 சதவீதம் பேர். அதனால் நீங்களும் பன்னிரண்டு கட்டம் போட்டு, ‘இது நம்ம கடைக்கு வந்ததுக்கு’ என்று முதல் இரண்டில் நீங்களே முத்திரை வைத்துக் கொடுங்கள். உங்களுக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. இதை நான் ஏமாற்று என்று நினைக்கவில்லை, எட்டாத உயரத்தில் இலவசத்தைக் கட்டித் தொங்கவிடாதவரைக்கும். பத்துக் காபி என்பது தினம் வருகிறவருக்குப் பத்து நாள், எட்டிவிடுவார்.

காலாவதித் தேதி போடாதீர்கள். போன் நம்பர் கேட்காதீர்கள். நம் ஊர்க் காய்கறிக் கடையில் கொசுறு என்று ஒரு கொத்து கருவேப்பிலையும் இரண்டு கொத்தமல்லித் தண்டும் பையில் போடுகிறார்களே, அதற்கு இணையான திட்டத்தை எந்தப் பெரிய கம்பெனியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் எண்ணம். அங்கேயே, அப்போதே, கையில். எத்தனாவது தடவை என்று யாரும் எண்ணுவதில்லை. என் அம்மா டவுனில் ஒரே அம்மாளிடம்தான் முப்பது வருடம் காய் வாங்கினாள். இரண்டு கடை தள்ளி எட்டணா குறைவாகக் கிடைத்தபோதும் போகவில்லை. ஏன் என்று கேட்டால் ‘அவ மல்லித்தழை போடுவா’ என்பாள். உங்களுக்கு அட்டை சரிப்படாது என்று தோன்றினால் அதை விட்டுவிட்டு, தினம் வருகிறவருக்கு வாரத்தில் ஒருநாள் காபியோடு ஒரு சுக்குருண்டையோ ஒரு துண்டு கருப்பட்டி மிட்டாயோ வைத்துக் கொடுத்துப் பாருங்கள், அச்சடிக்கிற செலவும் மிச்சம்.

அட்டை போடுகிறதாக இருந்தால் ஒரு ஏற்பாடு அவசியம்: அட்டையைக் கடையிலேயே வையுங்கள். ஆட்டோ ஓட்டுகிறவர் சட்டைப்பையில் வைத்தால் இரண்டாம் நாள் துவையலில் கரைந்துவிடும். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் பெயர் எழுதி அடுக்கிவிடுங்கள், வருகிறவர் வந்ததும் நீங்களே எடுத்துக் குத்துங்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டு. கடைசிக் கட்டம் குத்துகிற அன்றைக்கே ‘நாளைக்கு உங்க காபி நம்ம கணக்கு’ என்று சொல்லிவிடுங்கள்.